63எக்ஸ் ஆயில் லென்ஸில் படம் பொரிப்பொரியாக வருகிறது, ஓரம் நெளிகிறது: லென்ஸை மாற்றணுமா?

நரம்புக்கீற்று, 3 ஜூன், இரவு 9.40

எலி மூளை, 40 மைக்ரான் செக்‌ஷன். டாபி (நியூக்ளியஸுக்கான நீலச் சாயம்), அலெக்சா 488 (பச்சை), அலெக்சா 568 (சிவப்பு) என மூன்று ஒளிரும் சாயமும் போட்டது. கிளிசரால் கலந்த மவுண்டிங் மீடியம். இன்வெர்ட்டட் கான்ஃபோகல் (லேசரைப் புள்ளிபுள்ளியாக ஓட்டிப் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப்), 63எக்ஸ் ஆயில், என்ஏ (லென்ஸ் ஒளி வாங்கும் கோணத்தின் அளவு) 1.4.

செட்டிங்: 512 × 512, ஜூம் 1 (ஃபீல்டு அகலம் 205 மைக்ரான்), 400 ஹெர்ட்ஸ், ஒருவழி ஸ்கேன், லைன் அவரேஜ் 16 (ஒவ்வொரு வரியையும் 16 தடவை ஓட்டிச் சராசரி), பின்ஹோல் (குவியத்துக்கு வெளியே உள்ள ஒளியைத் தடுக்கும் துளை) 2 ஏயூ (துளையின் அளவலகு), லேசர் மூன்றும் 1 சதவீதம், பிஎம்டி (ஒளியை அளக்கும் டிடெக்டர்) கெயின் 950 வோல்ட், 8 பிட், மூன்று சேனலும் ஒரே நேரத்தில்.

படம் பொரிப்பொரியாக இருக்கிறது. 12 மைக்ரானுக்குக் கீழே போனால் மங்கல். அவரேஜை எடுத்துவிட்டால் செல் ஓரமெல்லாம் நெளிகிறது. சிவப்பு சேனலில் பச்சை செல்களின் உருவம் தெரிகிறது. ஆப்ஜெக்டிவ் போய்விட்டது என்பது என் முடிவு. புதிது வாங்கப் பணம் கேட்கும் முன் இங்கே கேட்கிறேன்.

இருட்டறை, 3 ஜூன், இரவு 10.15

லென்ஸ் போனால் நாலு விதமான கோளாறு நாலு இடத்தில் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பது நாலு தனித்தனி வியாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்யாமல் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள்.

கெயின் 950ஐ முதலில் இறக்குங்கள். கெயின் வெளிச்சம் தராது. மேடையில் பேசுபவர் முணுமுணுக்கும்போது மைக் சத்தத்தை ஏற்றினால் கரகரப்பும் சேர்ந்துதான் ஏறும். பெரும்பாலான பிஎம்டிக்கு 600 முதல் 800 வோல்ட் போதும். அதற்கு மேல் போட்டும் படம் இருட்டாக இருந்தால் போட்டான் வரவில்லை என்று பொருள். லேசர், பிக்சல் நேரம், சாம்பிள் இந்த மூன்றில் ஒன்றில்தான் குறை.

ஒளிஊசி, 3 ஜூன், இரவு 11.02

பொரிக்கு ஒரு சோதனை. அவரேஜ் 1, அதே இடம், அடுத்தடுத்து இரண்டு படம். ஃபிஜி என்ற பட மென்பொருளில் ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் வைத்து மேலே மேலே போடுங்கள். புள்ளிகள் மஞ்சளாக ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அது சாம்பிளில் உள்ள அழுக்கு. சிவப்பும் பச்சையும் சிதறிக் கிடந்தால் இரைச்சல். இரைச்சல் என்றால் மட்டும்தான் அவரேஜுக்கு வேலை.

அவரேஜின் பலன் வர்க்கமூலத்தில்தான் ஏறும்: 4 எடுத்தால் இரு மடங்கு தெளிவு, 16 எடுத்தால் நாலு மடங்கு. 16லிருந்து 32க்குப் போனால் 1.4 மடங்குதான், ஆனால் சாயம் வெளுப்பது இரண்டு மடங்கு. இருட்டறை சொன்னதை இலக்கத்தில் சொன்னால், ஒரு பிக்சலுக்கு 10 போட்டான் வந்தால் அதன் ஏற்ற இறக்கமே சுமார் 3. கெயின் எவ்வளவு வைத்தாலும் இந்த 10க்கு 3 மாறாது.

கால்வோ, 4 ஜூன், காலை 7.30

நெளிவைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முதலில் பிரித்துப் பாருங்கள்: வெளிச்சம் வரிவரியாகக் கூடிக் குறைகிறதா, அல்லது செல்லின் ஓரம் இடவலமாக ஆடுகிறதா? வெளிச்சம் மாறினால் லேசர், டிடெக்டர் மின்சுற்று, அல்லது அறை விளக்கு. ஓரம் ஆடினால் அதிர்வு, அல்லது கால்வோ கண்ணாடி (லேசரை வரிவரியாக ஓட்டும் ஆடும் கண்ணாடி).

பிறகு அவரேஜை 1க்குக் கொண்டுவந்து, ஒரு நெளிவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை வரி என்று எண்ணுங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒருவழி என்றால் விநாடிக்கு 400 வரி. 8 வரிக்கு ஒரு நெளிவு வந்தால் 50 ஹெர்ட்ஸ், அது கரண்ட். 4 வரி என்றால் 100 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் இந்த வேகத்தில்தான் மினுக்கும். 16, 17 வரி என்றால் 24 ஹெர்ட்ஸ் பக்கம்: நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார், அதாவது ஏசி, சில்லர், பம்ப் எதுவாகவும் இருக்கலாம்.

உறுதி செய்ய ஸ்கேன் வேகத்தை 200க்கு இறக்குங்கள். இடைவெளி பாதியாகக் குறைந்தால் நேரத்தோடு ஓடும் கோளாறு. மாறாமல் அப்படியே நின்றால் அது சாம்பிளிலோ ஒளிக்குறுக்கீட்டிலோ உள்ள பட்டை. ஸ்கேனை 90 டிகிரி திருப்பியும் பார்க்கலாம். பட்டை ஸ்கேனோடு சேர்ந்து திரும்பினால் இயந்திரம், செல்லோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் சாம்பிள்.

இருட்டறை, 4 ஜூன், காலை 8.05

அவர் லைன் அவரேஜ் 16 போட்டதால் நெளிவு தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார். தெரியாமல் போகவில்லை, மங்கலாக மாறிவிட்டது. 400 ஹெர்ட்ஸில் ஒரு வரி 2.5 மில்லிவிநாடி, 16 தடவை என்றால் 40. 24 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஒரு சுற்று கிட்டத்தட்ட 42. ஒவ்வொரு வரியும் முழு ஆட்டத்தையும் உள்ளே வாங்கிச் சராசரியாக்கிவிடும். ஓரம் நேராக இருக்கும், ஆனால் கூர்மை இருக்காது. "லென்ஸ் மங்கல்" என்று பாதிப் பேர் சொல்வது இதைத்தான்.

நரம்புக்கீற்று, 4 ஜூன், மாலை 6.20

செய்து பார்த்தேன். பச்சையில் புள்ளிகள் மஞ்சளாக ஒரே இடத்தில் நிற்கின்றன. சிவப்பில் சிதறல்.

நெளிவு: ஓரம்தான் ஆடுகிறது. 400இல் 17 வரி, 200இல் 8 அல்லது 9.

கால்வோ, 4 ஜூன், மாலை 6.41

24 ஹெர்ட்ஸ். மோட்டார். மேசை (அதிர்வு ஏறாமல் காற்றின் மேல் நிற்பது) மிதக்கிறதா என்று பாருங்கள். மேசையின் மூலையில் கையை வைத்து லேசாக அழுத்தினால் கொஞ்சம் இறங்கி, மெதுவாகத் தானே மேலே வர வேண்டும். கல்மாதிரி இருந்தால் காற்று இல்லை.

காற்று இருந்தும் அதிர்ந்தால் மேசையை எது தரையோடு கட்டிப்போடுகிறது என்று தேடுங்கள்: இறுக்கி இழுத்த தடித்த கேபிள், இன்குபேட்டர் குழாய், சுவரைத் தொடும் அலமாரி, மேசைக்கடியில் திணித்த அட்டைப்பெட்டி. ஒரு பெட்டி போதும், மிதக்கும் மேசை சாதாரண மேசையாகிவிடும்.

ஒளிஊசி, 4 ஜூன், இரவு 9.10

பச்சைப் புள்ளிகள் செகண்டரி ஆன்டிபாடி (சாயத்தைச் சுமப்பது) திரண்டது. நீர்க்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஜியில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுற்றி, மேல் நீரை மட்டும் எடுங்கள். அடியைத் தொட்டு உறிஞ்சினால் சுற்றியதே வீண். பிரைமரி (இலக்கைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) இல்லாமல் செகண்டரி மட்டும் போட்ட ஒரு செக்‌ஷனும், ஒன்றுமே போடாத ஒரு செக்‌ஷனும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணுக்களும் ஆல்டிஹைடில் பதப்படுத்திய திசுவும் தானாகவே ஒளிரும். அதைச் சிக்னல் என்று எண்ணி ஒரு கட்டுரை எழுதிவிடலாம், ஜாக்கிரதை.

இப்போது பிக்சல் கணக்கு. 205 மைக்ரானை 512ஆல் வகுத்தால் 400 நானோமீட்டர். உங்கள் லென்ஸ் 520 நானோமீட்டர் ஒளியில் பிரித்துக்காட்டக்கூடியது 0.61 × 520 ÷ 1.4, அதாவது சுமார் 227. அதைவிடப் பெரிய பிக்சல் வைத்துக்கொண்டு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. பிக்சல் 80 அளவில் இருக்க வேண்டும்: 1024 × 1024, ஜூம் 2.5.

இருட்டறை, 4 ஜூன், இரவு 9.48

"இருக்க வேண்டும்" என்பது எதற்காக என்பதைப் பொறுத்தது. நியூக்ளியஸ் எண்ணுவதற்கு 80 நானோமீட்டர் வெட்டிச் செலவு. 8, 10 மைக்ரான் உருண்டையை எண்ண 400 தாராளம், அதற்கு 63எக்ஸே வேண்டாம், 20எக்ஸ் போதும். சினாப்ஸ் (நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம்) புள்ளி பார்க்கிறீர்கள் என்றால் ஒளிஊசி சொன்னது சரி.

இன்னொன்று, ஜூம் ஏற்றும்போது லேசர் அடி எகிறும். ஜூம் 1இலிருந்து 2.5க்குப் போனால் பரப்பு 6.25 மடங்கு சுருங்குகிறது. 512 வரி 1024 ஆவதால் ஒரு ஃபிரேமின் நேரமும் 1.28 விநாடியிலிருந்து 2.56 ஆகிறது. ஆக, ஒரே லேசர் பவரில் அதே திசுவின் மேல் விழுவது 12.5 மடங்கு. அப்படியிருந்தும் பிக்சல் நேரம் பாதியாவதால் (சுமார் 2.4 மைக்ரோவிநாடி 1.2 ஆகும்) படம் இருட்டாகத்தான் தெரியும். உடனே லேசரை ஏற்றுவார்கள், மூன்றாவது ஸ்லைஸில் (ஆழம் ஆழமாக எடுக்கும் படங்களில் ஒன்று) சாயம் போய்விடும்.

ஒளிஊசி, 4 ஜூன், இரவு 10.05

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வரிசை இது: முதலில் கேள்விக்கு ஏற்ற பிக்சல் அளவு, பிறகு லேசரை வெளுக்காத எல்லை வரை, பிறகு வேகத்தைக் குறைப்பது அல்லது அவரேஜ், கெயின் கடைசியில்.

வெளுக்கும் எல்லையைக் கண்டுபிடிக்க, வேண்டாத ஒரு மூலையில் ஸ்டாக்கில் (ஸ்லைஸ்களின் அடுக்கில்) எத்தனை ஸ்லைஸோ அத்தனை தடவை ஒரே தளத்தை ஸ்கேன் செய்து, முதல் படத்தின் சராசரியையும் கடைசிப் படத்தின் சராசரியையும் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இறங்கினால் அந்தப் பவர் சரி. "1 சதவீதம்" என்று சாஃப்ட்வேர் காட்டுவதை வேறு இயந்திரத்தோடு ஒப்பிட முடியாது. பவர் மீட்டரை ஸ்டேஜில் வைத்து 10எக்ஸ் லென்ஸ் வழியாக மைக்ரோவாட்டில் அளந்து குறித்துவையுங்கள். லேசர் போட்டு அரைமணி, ஒருமணி நேரம் ஆன பிறகு அளக்க வேண்டும்.

நரம்புக்கீற்று, 5 ஜூன், காலை 10.30

மேசை கல் மாதிரிதான் இருந்தது. காற்று வால்வு மூடிக் கிடந்தது. திறந்தபின் நெளிவு போய்விட்டது.

12 மைக்ரானுக்குக் கீழே மங்கல் மட்டும் அப்படியே. கவர்ஸ்லிப் நம்பர் 1 (தடிமன் வகை). அதனாலா?

இருட்டறை, 5 ஜூன், காலை 10.52

இல்லை. கவர்ஸ்லிப் தடிமன் 0.17 மில்லிமீட்டர் என்று எல்லோரும் மந்திரம் ஓதுவார்கள். ஆயில் லென்ஸில் அது பெரிதில்லை. ஆயிலுக்கும் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்றுதான் (ஆயில் 1.518), கண்ணாடி மெலிந்த இடத்தை ஆயில் நிரப்பிவிடும். தடிமன் உயிரை வாங்குவது 40எக்ஸ் 0.95 டிரை லென்ஸிலும் 1.2 வாட்டர் லென்ஸிலும். புதிதாக வாங்கினால் 1.5எச் வாங்குங்கள், 0.17க்கு 0.005 மில்லிமீட்டர்தான் கூடக்குறைய இருக்கும். ஆனால் இப்போதைய மங்கலுக்குக் காரணம் அதில்லை, மீடியம்.

ஒளிஊசி, 5 ஜூன், பகல் 1.15

ஆமாம். கிளிசரால் மீடியத்தின் ஒளிவிலகல் எண் 1.45 பக்கம். கவர்ஸ்லிப்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவுக்கு லென்ஸின் ஓரக் கதிர்களும் நடுக்கதிர்களும் வேறுவேறு ஆழத்தில் குவியும். வெளிச்சம் குறையும், இசட் திசையில் (ஆழவாக்கில்) எல்லாம் நீளும், பின்ஹோல் மீதியைத் தடுத்துவிடும். உடனே கெயினை ஏற்றத் தோன்றும்.

சோதனை: எக்ஸ்இசட் ஸ்கேன் (செங்குத்து வெட்டு) போட்டு மேலடுக்கு நியூக்ளியஸையும் 20 மைக்ரான் ஆழத்து நியூக்ளியஸையும் ஒப்பிடுங்கள். மேலே உருண்டை, கீழே வால் முளைத்த முட்டை என்றால் இதேதான்.

ஸ்டேஜ் 10 மைக்ரான் நகர்ந்தால் குவியமும் 10 மைக்ரான் நகர்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். 1.45ஐ 1.518ஆல் வகுத்தால் 0.955, இது நடுக்கதிருக்கு. இந்த என்ஏவில் இன்னும் குறையும். ஆழ அளவு தேவைப்படும் வேலையில் இதைத் திருத்தாமல் கன அளவு சொல்லக்கூடாது. தண்ணீரில், அதாவது 1.33இல், இந்த 1.4 லென்ஸை வைத்தால் என்ஏ 1.33க்கு மேற்பட்ட கதிர் உள்ளே போகவே போகாது. காசு கொடுத்து வாங்கிய என்ஏ கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

வழிகள்: புரோலாங் கிளாஸ், ஸ்லோஃபேட் கிளாஸ் மாதிரி 1.52 மீடியத்தில் மவுண்ட் செய்வது (புரோலாங் கிளாஸ் இறுக ஒரு நாளாவது சமதளத்தில் விட வேண்டும், இறுகும் முன் எண் குறைவாகத்தான் இருக்கும்). அல்லது காலருள்ள (திருத்தும் வளையம் உள்ள) 63எக்ஸ் 1.3 கிளிசரால் லென்ஸ் கிடைத்தால் அதில் பார்ப்பது. உயிருள்ள திசுவுக்கு ஒளிவிலகல் எண் 1.40 உள்ள சிலிகான் ஆயில் லென்ஸ்.

கால்வோ, 5 ஜூன், பகல் 2.00

மீடியம் எத்தனை மைக்ரோலிட்டர் ஊற்றினீர்கள்?

நரம்புக்கீற்று, 5 ஜூன், பகல் 2.20

150. கவர்ஸ்லிப் 24 × 50. செக்‌ஷன் ஸ்லைடில் ஒட்டியிருக்கிறது.

கால்வோ, 5 ஜூன், பகல் 2.31

24 × 50 = 1200 சதுர மில்லிமீட்டர். 40 மைக்ரான் செக்‌ஷனுக்கு 48 மைக்ரோலிட்டர் போதும். 150 ஊற்றி வடியவிடாமல் சீல் வைத்தால் 125 மைக்ரான் உயரம். செக்‌ஷன் ஸ்லைடு பக்கம் ஒட்டியிருப்பதால் திசுவைத் தொடும் முன்பே 85 மைக்ரான் வெறும் மீடியத்தைக் கடக்கிறீர்கள். இந்த வகை லென்ஸின் வேலைத்தூரமே 0.14 முதல் 0.19 மில்லிமீட்டர்தான். 12 மைக்ரானுக்கு மேல் தெளிவாக வந்ததே பெரிய விஷயம்.

50 மைக்ரோலிட்டர் வைத்து, ஓரத்தில் ஃபில்டர் பேப்பர் வைத்து உபரியை உறிஞ்சுங்கள்.

இருட்டறை, 5 ஜூன், இரவு 8.40

150 மைக்ரோலிட்டரில் எலி நீந்தும்.

சிவப்பில் பச்சை தெரிவது எளிது. அலெக்சா 488 உமிழும் ஒளி 519இல் உச்சம், ஆனால் வால் 600ஐத் தாண்டும். மூன்று லேசரும் ஒன்றாக எரிந்தால் அந்த வால் 568இன் ஜன்னலில் (டிடெக்டர் வாங்கும் அலைநீள வரம்பில்) விழும். சீக்வென்ஷியல் (ஒன்றன்பின் ஒன்றாக) போடுங்கள்: 561 மட்டும் எரியும்போது 488 சாயம் ஏறக்குறைய தூங்கும். டாபியையும் தனியாக, அதன் வால் பச்சை ஜன்னல் வரை வரும். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றினால் ஜன்னல் அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம். வரிக்கு வரி மாற்றுவது வேகம், அசையும் சாம்பிளுக்கு அதுதான் சரி, ஆனால் நடுவில் எந்தப் பாகமும் நகர முடியாது.

ஜன்னலை லேசர் கோட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். 488க்கு 498 அளவில் தொடங்குங்கள். 490இல் தொடங்கினால் கவர்ஸ்லிப்பில் பட்டுத் திரும்பும் லேசரே படத்தில் விழும். ஸ்டாக்கின் ஒரே ஒரு தளம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்தால் அதுதான்.

ஒளிஊசி, 5 ஜூன், இரவு 9.30

பின்ஹோல் 2 ஏயூ பற்றி. கணக்குப்படி இந்த லென்ஸில் 520 நானோமீட்டருக்கு 1 ஏயூவில் ஒளித்தளத் தடிமன் சுமார் 0.85 மைக்ரான், 2 ஏயூவில் சுமார் 1.5. கூடுதலாக வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி மேலும் கீழும் உள்ள மங்கல். 1இல் வையுங்கள். 0.5க்குக் கீழே இறக்கினால் தெளிவு கொஞ்சம் கூடும், வெளிச்சம் படுத்துவிடும். பளிச்சென்று எரியும் சாம்பிளுக்கு மட்டும் அது சரிப்படும்.

இசட் அடி 0.25 போதும். டீகன்வல்யூஷன் (கணக்குப் போட்டு மங்கலை நீக்குவது) செய்வதாக இருந்தால் 0.2க்குக் கீழே.

12 பிட்டுக்கு மாறுங்கள். ஹைலோ நிறப்பட்டியலை (உச்சத்தையும் பூஜ்யத்தையும் தனி நிறத்தில் காட்டுவது) வைத்து, உச்ச பிக்சல் 4095ஐத் தொடாமல் 3000 பக்கம் நிற்கும்படி லேசரையும் கெயினையும் அமையுங்கள். ஆஃப்செட்டை (இருட்டின் அடிமட்ட அளவை) லேசர் 0இல் வைத்துப் பாருங்கள். பின்புலம் முழுக்க சுத்த பூஜ்யமாக இருந்தால் தப்பு, இருண்ட பகுதியின் தகவலை வெட்டி எறிகிறீர்கள். பூஜ்யத்துக்குச் சற்று மேலே மிதக்க வேண்டும். கோலோகலைசேஷன் (இரண்டு நிறம் ஒரே இடத்தில் விழுவது) எண் இதனாலேயே பொய்யாகும்.

கால்வோ, 6 ஜூன், காலை 7.10

பைடைரக்‌ஷனல் (இருவழி ஸ்கேன்) பற்றிக் கேட்பார் என்று தெரியும், முன்கூட்டியே: நேரம் பாதியாகும், ஆனால் போகும் வரியும் திரும்பும் வரியும் பொருந்த வேண்டும். செங்குத்து ஓரம் ரம்பப்பல் மாதிரி ஒன்றுவிட்டு ஒரு வரி தள்ளியிருந்தால் ஃபேஸை (இரு வரிகளின் பொருத்தத்தை) திருத்துங்கள். வேகமோ ஜூமோ மாறினால் மறுபடி திருத்த வேண்டும். ரெசொனன்ட் (அதிவேக ஸ்கேன் கண்ணாடி) 8000 ஹெர்ட்ஸில் இருவழியாக விநாடிக்கு 16,000 வரி, 512க்கு சுமார் 30 ஃபிரேம். கால்சியம் ஓடும் வேகத்தைப் பிடிக்க அருமை, பதப்படுத்திய மூளைக்கு அவசியமில்லை.

கான்ஃபோகலைக் கண்டுபிடித்த மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கேட்டபோது லேசரே இல்லை, வளைவிளக்கை வைத்து சாம்பிளையே ஆட்டினார். நாம் ஃபேஸ் ஸ்லைடருக்கு அழுகிறோம்.

நரம்புக்கீற்று, 9 ஜூன், மாலை 5.45

புது ஸ்லைடு: 50 மைக்ரோலிட்டர், 1.52 மீடியம், ஒரு நாள் இறுகவிட்டது. 1024, ஜூம் 2.5, ஃபிரேம் அவரேஜ் 4, 1 ஏயூ, சீக்வென்ஷியல், கெயின் 720, லேசர் 488க்கு 2.5 சதவீதம். 30 மைக்ரான் வரை தெளிவு. சிவப்பில் பச்சை இல்லை. லென்ஸ் வாங்கும் விண்ணப்பம் கிழித்தாயிற்று.

டாபி மட்டும் மற்ற இரண்டு சேனலைவிட ஒரு ஸ்லைஸ் இரண்டு ஸ்லைஸ் தள்ளி வருகிறது.

இருட்டறை, 9 ஜூன், மாலை 6.30

ஃபிரேம் அவரேஜுக்கு மாறியது நல்லது. ஒரு பிக்சலுக்குத் திரும்ப வரும் முன் சாயம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. செக்‌ஷன் நகராததால் நஷ்டமும் இல்லை.

முன் லென்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி. பக்கத்து 20எக்ஸ் டிரை லென்ஸில் ஆயில் தடவியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். லென்ஸ் பேப்பர் மட்டும், அழுத்தித் தேய்க்காமல் ஒரே இழுப்பு. அசிட்டோன் தொடவே கூடாது, லென்ஸை ஒட்டிய பசையைக் கரைத்துவிடும். கிளிசரால் மேல் ஆயில் விழுந்தால் பால் மாதிரி கலங்கும், இரண்டையும் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக விடுங்கள்.

ஒளிஊசி, 9 ஜூன், இரவு 8.20

டாபி தள்ளி வருவதைச் சாம்பிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூக்ளியஸும் சைட்டோபிளாசமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதியில்லை. நாலு நிறமும் ஒன்றாக ஒளிரும் டெட்ராஸ்பெக் மணிகளை (0.1 அல்லது 0.2 மைக்ரான்) அதே 1.52 மீடியத்தில் கவர்ஸ்லிப்பில் ஒட்டி, 40 நானோமீட்டர் பிக்சல், 0.1 மைக்ரான் இசட் அடியில் ஸ்டாக் எடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் மணியின் நடு எந்த ஸ்லைஸில் என்று பாருங்கள்.

அதே ஸ்டாக்கில் பச்சை மணியின் அகலத்தையும் அளந்துவிடலாம். கணக்கில் 488க்கு பக்கவாட்டில் 180, ஆழத்தில் 460 நானோமீட்டர். நடைமுறையில் 220க்கும் 600க்கும் உள்ளே இருந்தால் லென்ஸ் ஆரோக்கியம். ஆழத்தில் 800ஐத் தாண்டினால், அல்லது மணியின் மேலே மட்டும் வால் இருந்தால், அப்போது லென்ஸைச் சந்தேகப்படலாம்.

கால்வோ, 9 ஜூன், இரவு 9.05

டாபிக்கான 405 லேசர் தனி ஃபைபரில் வரும் இயந்திரம் நிறைய, அதற்குத் தனி கொலிமேட்டர் (கதிரை இணையாக்கும் லென்ஸ்) உண்டு. அது சரியாக இல்லாவிட்டால் 405 மட்டும் மேலோ கீழோ குவியும், டாபி மங்கலாகவும் தெரியும். திருகை நீங்கள் தொடாதீர்கள், சர்வீஸ் ஆளிடம் மணி ஸ்டாக்கைக் காட்டுங்கள். அதுவரை 0.25 அடியில் 1 ஸ்லைஸ் என்றால் ஃபிஜியில் டாபி சேனலை மட்டும் ஒரு ஸ்லைஸ் நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை மெத்தட்ஸில் எழுதிவிடுங்கள். மூல ஃபைலைத் தொடாமல் தனியாக வையுங்கள்.